1969 ரோடு ரன்னர், 383 எஞ்சின்: கால் மைலை 14 நொடிக்குள் ஓட என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது: உங்கள் 1969 பிளிமத் ரோடு ரன்னரில் 383 எஞ்சின், மூன்று கியர் டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக், பின்னால் 3.23 கியர் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.23 சுற்று), இரண்டு பின்சக்கரத்துக்கும் பலம் தரும் ஷுர் கிரிப் டிஃபரன்ஷியல், ரோட்டில் ஓட்டும் சாதாரண ரேடியல் டயர். டிராக் ஸ்டிரிப்பில், அதாவது நேர்கோட்டுப் பந்தயத் தளத்தில், கால் மைலை 14.90 நொடியில், மணிக்கு 97.2 மைல் வேகத்தில் முடித்திருக்கிறீர்கள். கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்), சிலிண்டர் ஹெட், ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) மூன்றையும் மாற்றச் சொல்லி மெக்கானிக் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். அதைச் செய்தால் 14 நொடிக்குக் கீழே இறங்குமா?

இறங்கலாம். ஆனால் அந்தப் பணத்தை இப்போது செலவழிக்க வேண்டாம் என்பேன். காரணம் உங்கள் டைம் ஸ்லிப்பிலேயே, ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டிலேயே, இருக்கிறது. முதல் 60 அடிக்கு 2.40 நொடி. பாதி தூரமான 660 அடியில் 9.72 நொடி, 76.8 மைல். கடைசியில் 14.90 நொடி, 97.2 மைல்.

இதில் நேரம் சொல்வது ஒன்று, வேகம் சொல்வது வேறொன்று. முடிவுக் கோட்டருகே அளக்கும் டிராப் ஸ்பீட், காரின் எடைக்கு எஞ்சினில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைக் காட்டும். கிளம்பும்போது டயர் கொஞ்சம் வழுக்கினாலும் அந்த எண் பெரிதாக மாறாது. அந்தப் பலம் தரையில் இறங்கியதா இல்லையா என்பதை நேரம் காட்டும். டிராக் ஓட்டுபவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. 1363ஐ டிராப் ஸ்பீடால் வகுத்தால், ஒழுங்காகக் கிளம்பும் கார் எடுக்கும் நேரம் தோராயமாக வரும். 97.2ஆல் வகுத்துப் பாருங்கள்: 14.02. உங்கள் எஞ்சின் இன்றைக்கே 14.0 ஓடக்கூடிய எஞ்சின். நீங்கள் 14.90 ஓடுகிறீர்கள். ஏறக்குறைய 0.9 நொடி வழியில் போய்விடுகிறது.

எங்கே போகிறது? 14.90இல் 9.72ஐக் கழித்தால் 5.18. பின்பாதிக்கு நீங்கள் எடுத்த நேரம் அது. உங்கள் அளவு பலமும் எடையும் கொண்ட ஒரு கார் நன்றாகக் கிளம்பி மொத்தம் 14.2 ஓடினாலும், பின்பாதிக்கு அதே 5.1, 5.2 நொடிதான் எடுக்கும். ஆகவே பின்பாதியில் உங்களிடம் குறையே இல்லை. இழப்பு முழுவதும் முன்பாதியில், அதிலும் பெரும்பகுதி முதல் 60 அடியில். 60 அடி நேரத்தில் 0.1 நொடி குறைத்தால், கோட்டருகே அது ஒன்றரை மடங்காகவோ இன்னும் கொஞ்சம் கூடவோ வந்து சேரும். 2.40ஐ 2.00 ஆக்கினால் அதிலேயே 0.6 நொடி கிடைத்துவிடும்.

ஓட்டுநரோடு சேர்த்துக் கார் 3,850 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால், 97.2 மைல் என்பது சுமார் 275 குதிரைத்திறனைக் காட்டுகிறது. கம்பெனி 335 என்று சொன்னதே என்று கவலைப்பட வேண்டாம். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கம்பெனிகள் விளம்பரத்தில் போட்டது கிராஸ் கணக்கு. எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, காரில் இருக்கும் முழு எக்ஸாஸ்டும் இதர துணைச் சாதனங்களும் இல்லாமல் அளந்த எண் அது. உங்கள் 383 ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. இந்தக் காரை உருவாக்கியதே மூவாயிரம் டாலருக்குக் குறைந்த விலையில், கால் மைலில் மணிக்கு 100 மைல் வேகம் தொடக்கூடிய ஒன்றைத் தருவதற்காகத்தான். 1968இல் அடிப்படை விலை 2,896 டாலர். அதைவிடப் பெரிய 440 மேக்னம் எஞ்சினின் ஹெட்டையும் கேமையும் இந்த 383க்குக் கொடுத்தார்கள். ஃபேக்டரியிலேயே நல்ல கேம் இருக்கும் எஞ்சினில், காசுக்கு முதலில் பலன் தரப்போவது கேம் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு நண்பரை ஸ்டார்ட்டிங் லைனில் பக்கவாட்டில், அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தை மட்டும் செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். 60 அடி மோசமாக இருப்பதற்கு இரண்டு நேரெதிர் காரணங்கள் உண்டு. டயர் சுற்றி வழுக்குகிறது. அல்லது டயர் பிடிக்கிறது, ஆனால் எஞ்சின் கீழ் ஆர்.பி.எம்.மில் அமுங்கிக் கிடக்கிறது. முதலாவதற்கு டயரும் சஸ்பென்ஷனும் மருந்து. இரண்டாவதற்குப் பின் கியரும் டார்க் கன்வெர்ட்டரும் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்). ஓட்டுபவருக்கு உள்ளே உட்கார்ந்தபடி இந்த வித்தியாசம் பல நேரம் தெரியாது. உங்கள் காரில் இரண்டும் கலந்திருக்கும் என்பது என் ஊகம்: முதல் சில அடிகளில் ரோடு டயர் வழுக்கும், அது பிடித்த பிறகு 3.23 கியரின் மந்தம் தெரியும்.

டயரில் இருந்து தொடங்குங்கள். 15 அங்குல வீலுக்கு 275/60 அளவில் டிராக் ரேடியல், அதாவது ரோட்டிலும் ஓட்டக்கூடிய, பிடிப்பு அதிகமுள்ள பந்தய டயர், கிடைக்கிறது. சரியான ஆஃப்செட் (வீல் உள்ளே வெளியே தள்ளி உட்காரும் அளவு) உள்ள வீல் என்றால் இந்த பாடியில் எதையும் வெட்டாமல் உட்காரும். காற்றழுத்தம் 20 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பி.எஸ்.ஐ. ஏற்றி இறக்கி 60 அடி எண்ணைப் பாருங்கள். டிராக் ரேடியலுக்குப் பெரிய பர்ன்அவுட் (கிளம்பும் முன் டயரைச் சுழற்றிச் சூடேற்றுவது) வேண்டாம். டயரின் மேல்தோல் சுத்தமாகி லேசாகப் புகை வந்ததும் நிறுத்திவிடலாம். அதிகம் சூடேற்றினால் பிடிப்பு குறையும். பர்ன்அவுட்டுக்காகத் தண்ணீர் தெளித்திருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போய், பின்சக்கரத்தை மட்டும் ஈரத்தின் ஓரத்துக்கு ரிவர்ஸில் கொண்டுவாருங்கள். முன் டயரின் பள்ளங்களில் ஏறும் தண்ணீர் ஸ்டார்ட்டிங் லைன் வரை வந்து, உங்கள் பின் டயருக்கு அடியிலேயே சொட்டும்.

பர்ன்அவுட்டை முதல் கியரிலேயே செய்யாதீர்கள். முதல் கியரில் சுழற்றத் தொடங்கி உடனே இரண்டாவதுக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் டார்க்ஃப்ளைட்டான இந்த 727 கியர்பாக்ஸில், முதல் கியரில் உயர் ஆர்.பி.எம்.மில் ஏதாவது உடைந்தாலோ ஓவர்ரன்னிங் கிளட்ச் (ஒரு பக்கம் மட்டும் சுழல விடும் கிளட்ச்) நழுவினாலோ, முன் கிளட்ச் டிரம் தாங்க முடியாத வேகத்தில் சுழன்று வெடித்த சம்பவங்கள் உண்டு. அது உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள்.

அடுத்தது சஸ்பென்ஷன். இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பார்த்தால் சாதாரண லீஃப் ஸ்பிரிங், இரும்புப் பட்டைகளை இலைபோல் அடுக்கியது. ஆனால் ஆக்சில் அதன் நடுவில் உட்காரவில்லை, முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலுக்கு முன்னால் இருக்கும் பகுதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால், கிளம்பும்போது அது ஒரு டிராக்ஷன் பார் செய்யும் வேலையைச் செய்கிறது. டயரைத் தரையோடு அழுத்துகிறது. ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன ஸ்பிரிங்கும் புஷ்ஷும் அப்படியே இருந்தால் அந்த வித்தை நடக்காது. முன் ஐலெட்டில் (ஸ்பிரிங்கின் முனை வளையத்தில்) இருக்கும் ரப்பர் புஷ் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இலைகளைச் சேர்த்துக் கட்டும் கிளாம்புகளில் முன்பக்கத்தவை இறுக்கமாகவும், பின்பக்கத்தவை இலைகள் நழுவ விடும் அளவுக்குத் தளர்வாகவும் இருக்கட்டும். செலவில்லாத வேலை இது. பழைய மோப்பார் (பிளிமத்தின் தாய்க் கம்பெனியான கிரைஸ்லரின் கார்கள்) ஓட்டுபவர்கள் எல்லோரும் முதலில் செய்வது.

டிஃபரன்ஷியலின் மூக்குக்கு மேலே பினியன் ஸ்னப்பர் என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்) மேல்நோக்கித் திரும்பப் பார்க்கும். ஸ்னப்பர் காரின் தளத்தில் முட்டி அதைத் தடுக்கும், லீஃப் ஸ்பிரிங் எஸ் வடிவில் முறுக்கிக்கொள்வதும் குறையும். ஃபேக்டரி ஸ்னப்பருக்கும் தளத்துக்கும் இடைவெளி அதிகம். உயரம் மாற்றக்கூடிய ஒன்றைப் போட்டு, கிட்டத்தட்ட தளத்தைத் தொடும் அளவுக்கு ஏற்றிவைத்துப் பாருங்கள். தினமும் ரோட்டில் ஓட்டும்போது தடதடவென்று சத்தம் வரும், ஆகவே டிராக் நாளன்று மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கு எப்போதும் வலது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். கிரைஸ்லர் தன் சூப்பர் ஸ்டாக் லீஃப் ஸ்பிரிங்குகளை வலதும் இடதும் வேறு வேறாகச் செய்தது இதற்காகத்தான். இப்போதைக்கு அந்த ஸ்பிரிங் வரை போக வேண்டாம். பின் ஷாக் நல்லதாக இருந்து, முன் ஷாக் எளிதாக நீண்டு மூக்கை உயர விட்டால் போதும்.

பிறகு பின் கியர். கணக்கு போட்டுப் பார்ப்போம். வேகத்தை கியர் எண்ணால் பெருக்கி, 336ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும். புது டயர் 28 அங்குலம். மூன்றாவது கியரில் 97 மைலில் 3.23க்கு சுமார் 3,760. கன்வெர்ட்டர் வழுக்கலைச் சேர்த்தால் 3,950. இந்த 383 தன் உச்சபட்சக் குதிரைத்திறனைத் தருவது 5,200இல். அதாவது மூன்றாவது கியரில் உச்சத்துக்கு எங்கோ கீழேயே ஓட்டத்தை முடிக்கிறீர்கள். 3.91 போட்டால் அதே 97 மைலில் 4,550, வழுக்கலோடு சுமார் 4,800. 100 மைல் தொட்டால் 4,900ஐத் தாண்டும். எஞ்சின் விரும்பும் இடம் அது. கிளம்பும்போதும் சக்கரத்துக்கு 21 சதவீதம் கூடுதல் முறுக்கு கிடைக்கும். டயரை முதலில் மாற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம். பழைய ரோடு டயரில் 3.91 போட்டால் இன்னும் அதிகமாக வழுக்கும், 60 அடி நேரம் ஏறத்தான் செய்யும்.

நல்ல செய்தி, உங்கள் காரில் இருப்பது கிரைஸ்லரின் 8¾ ஆக்சில் என்றால், டிஃபரன்ஷியல் முழுவதும் முன்பக்கமாக ஒரே தொகுதியாகக் கழன்று வரும். 3.91 உள்ள இன்னொரு தொகுதியைப் பொருத்திவிட்டு ஒரிஜினலை அப்படியே அலமாரியில் வைக்கலாம். நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுபவர் என்றால் 3.55 ஒரு நியாயமான சமரசம். 65 மைலில் 3.91 சுமார் 3,050 ஆர்.பி.எம். கேட்கும், அந்தச் சத்தத்தோடு மூன்று மணி நேரம் பயணம் செய்ய எல்லோராலும் முடியாது.

கன்வெர்ட்டர் பற்றிச் சுருக்கமாக: 2,800 ஆர்.பி.எம். பக்கம் ஸ்டால் ஆகும் (பிரேக்கில் நிற்கும்போது எஞ்சினை அந்த அளவு வரை ஏற விடும்) தரமான 10 அங்குல கன்வெர்ட்டர், தனியாக ஒரு கியர் ஆயில் கூலரோடு. 60 அடியில் டயருக்கு அடுத்தபடியாகப் பலன் தருவது இதுதான். விலை குறைவானதை வாங்காதீர்கள், கீழே பிடிப்பதை மேலே வழுக்கித் தொலைத்துவிடும். உங்கள் எஞ்சின், எடை, கியர், டயர் எல்லா எண்களையும் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். ஏனென்றால் ஸ்டால் எண் எஞ்சினின் முறுக்கைப் பொறுத்தே அமையும்.

இனி காசே செலவில்லாத விஷயம் ஒன்று. ஸ்டார்ட்டிங் லைனில் ப்ரீஸ்டேஜ், ஸ்டேஜ் என்று இரண்டு ஒளிக்கதிர்கள் ஏழு அங்குல இடைவெளியில் இருக்கின்றன. முன்சக்கரம் இரண்டாவது கதிரைவிட்டு விலகும் கணத்தில்தான் உங்கள் ஓட்ட நேரக் கடிகாரம் தொடங்கும். ஸ்டேஜ் விளக்கு எரிந்த அந்த நொடியே நிறுத்தினால், கடிகாரம் தொடங்குவதற்குள் கார் கிட்டத்தட்ட ஒரு அடி உருண்டுவிடும். அந்த ஒரு அடி இலவசம். இன்னும் உள்ளே தள்ளி நிறுத்தினால் அதை இழப்பீர்கள். அப்புறம், பச்சை விளக்கு வந்த பின் நீங்கள் கிளம்ப எடுக்கும் நேரம் இதில் சேராது. எதிராளியை ஜெயிக்கத்தான் அது வேண்டும். நேரத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் அவசரப்படாமல், பச்சை வந்ததும் நிதானமாகக் கிளம்புங்கள். பிரேக்கை அழுத்தி ஆர்.பி.எம். ஏற்றும்போது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று மாற்றி மாற்றி, எதில் 60 அடி குறைகிறது என்று எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒரே செட்டிங்கில் குறைந்தது மூன்று ஓட்டம். இரண்டு விஷயத்தைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது.

எஞ்சினைத் தொட வேண்டாம் என்றேன், டியூன் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. டிராப் ஸ்பீடில் ஒன்றிரண்டு மைல் இங்கே ஒளிந்திருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்கட்டும், நீங்கள் ஏர் கிளீனரைக் கழற்றி கார்புரேட்டருக்குள் பாருங்கள். த்ராட்டில் பிளேடுகள் நேர்செங்குத்தாக நிற்கின்றனவா? தடித்த கார்பெட்டும் தேய்ந்த லிங்கேஜும் சேர்ந்து கால்வாசித் திறப்பைத் தின்றுவிட்ட கார்கள் ஏராளம். அடுத்து இக்னிஷன் டைமிங். எஞ்சினின் முன்னால் இருக்கும் டேம்பர் என்ற சக்கரத்தின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டி நிற்கிறது. இத்தனை வருடத்தில் அது நகர்ந்திருந்தால் அதில் இருக்கும் குறி பொய் சொல்லும். பிஸ்டன் ஸ்டாப் கொண்டு உண்மையான உச்சப் புள்ளியைக் கண்டுபிடித்துக் குறி போட்ட பிறகே டைமிங் லைட்டை நம்புங்கள். மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் அளவு) 34 டிகிரியில் தொடங்கி, இரண்டிரண்டு டிகிரியாக 38 வரை போய்ப் பாருங்கள். இங்கே பார்க்க வேண்டியது நேரத்தை அல்ல, டிராப் ஸ்பீடை. வேகம் ஏறுவது நின்றதும் இரண்டு டிகிரி பின்வாங்கி நிறுத்திவிடலாம். நாக்கிங் சத்தம் கேட்டால் உடனே குறைக்க வேண்டும். கடைசி முந்நூறு அடியில் கார் சோர்ந்துபோகிறது என்றால் கார்புரேட்டரின் ஃப்ளோட் பவுலில் பெட்ரோல் தீர்கிறது என்று பொருள். ஃபில்டரையும், டேங்கிலிருந்து வரும் பழைய ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள்.

எந்த நாளில் எடுத்த ஸ்லிப் என்பதும் முக்கியம். ஈரமான கோடை மதியத்தில் காற்று இளகியிருக்கும், அக்டோபர் மாலையில் அடர்த்தியாக இருக்கும். டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்தியை உயரக் கணக்கில் சொல்லும் எண்) ஆயிரம் அடி ஏறினால் உங்கள் மாதிரி காருக்கு 0.1 முதல் 0.2 நொடி வரை போகும். டென்வர் அருகே 5,800 அடி உயரத்தில் இருந்த பேண்டிமியர் ஸ்பீட்வேயில் இதே கார் ஏறக்குறைய ஒரு நொடி மெதுவாக ஓடியிருக்கும். ஒவ்வொரு ஸ்லிப்பின் பின்னாலும் அந்த நேரத்து டென்சிட்டி ஆல்டிட்யூடை எழுதாமல் ஓட்டங்களை ஒப்பிடாதீர்கள்.

மிச்சிகனில் ஸ்டான்டன் என்ற ஊரில் ப்யூர் ஸ்டாக் என்று ஒரு பந்தயம் நடக்கிறது. மெலிந்த ரோடு டயரில், ஃபேக்டரி கார்புரேட்டரோடும் ஃபேக்டரி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடும் ஓடும் பழைய மசில் கார்கள். அவற்றில் பல, அறுபதுகளின் பத்திரிகைச் சோதனைகளில் வந்த நேரத்தைவிட வேகமாக ஓடுகின்றன. எஞ்சினை விதிக்கு உட்பட்டு மிக நுணுக்கமாகக் கட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே நின்று அவர்கள் கிளம்புவதைப் பாருங்கள். பெடலை ஒரேயடியாக மிதிப்பவர்கள் குறைவு. முதல் சில அடிகளுக்கு உருட்டிக் கொடுத்து, டயர் பிடித்ததும் முழுதாக மிதிக்கிறார்கள். உங்களுக்கு டிராக் ரேடியல் வரும் வரை இந்தப் பழக்கமே பாதி வித்தியாசத்தைத் தரும்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.ஹெச்.ஆர்.ஏ. விதிப்படி 13.99 அல்லது அதற்கும் வேகமாக ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். பள்ளமில்லாத ஸ்லிக் டயரில் அந்த நேரம் ஓடினால் டிரைவ் ஷாஃப்ட் லூப்பும் (உடைந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) வேண்டும். ரோடு டயரில் விதி கேட்காவிட்டாலும் நான் போடச் சொல்வேன். 100 மைலில் முன் யூ ஜாயின்ட் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் கார் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். எடையைப் பின்னால் தள்ள பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால், வெளியிலிருந்து இயக்கும் மெயின் கட்ஆஃப் சுவிட்ச் வைக்க வேண்டும். பழைய பிரேக் ஃப்ளூயிடை மாற்றுங்கள். அப்புறம், 1969 கிரைஸ்லர் கார்களில் இடதுபக்க வீல் நட்டுகளுக்கு இடது மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். டயர் மாற்ற உதவ வரும் நண்பருக்கு இதை முதலில் சொல்லிவிடுங்கள். தெரியாமல் தவறான பக்கம் திருகி ஸ்டட்டை முறித்துவிடுவார்கள், அன்றைய நாள் அதோடு முடிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு 60 அடி 2.0 பக்கம், டிராப் ஸ்பீட் 99 பக்கம் வந்திருந்தால், நல்ல காற்றுள்ள மாலையில் 13.9 உங்கள் கையில். அதற்கு மேலும் வேண்டும் என்றால் அப்போது எஞ்சினைப் பேசலாம், அதுவும் ஹெடரிலிருந்து. 60 அடி 1.9க்கு வந்துவிட்டது, டைமிங்கும் கார்புரேட்டரும் சரியாக இருக்கிறது, ஆனாலும் 100 மைலைத் தாண்டவில்லை என்று ஸ்லிப் காட்டினால்தான் கேமுக்கு நியாயம் உண்டு. அப்படி வாங்கும்போது கேமைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஏற்கெனவே போட்ட கன்வெர்ட்டரின் ஸ்டாலையும் 3.91 கியரையும் கேம் கம்பெனியிடம் சொல்லி, கம்ப்ரஷனை உண்மையில் அளந்து பார்த்து, அதற்கேற்ற சிறியதைக் கேளுங்கள். பெரிய கேம் போட்டு 3,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே உயிரில்லாமல் போன 383க்கு, நீங்கள் பாடுபட்டுச் சம்பாதித்த 60 அடி நேரம் முதல் ஓட்டத்திலேயே பறிபோகும்.